நாகலெட்சுமி பொலி சொல்லாத காலை

நாகலெட்சுமிக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக அட்டனிலிருந்து வந்த பாஸ்டர் கஜேந்திரன், அவளுக்கென்று ஒரு புதுப் பெயரையும் கொண்டுவந்திருந்தார். கிரேஸ். கிருபை என்று அர்த்தம், கூப்பிடவும் லேசு என்றார்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, குளிரில் பற்கள் தந்தியடிக்க, நாகலெட்சுமி யோசித்தாள்.

"தோட்டத்துச் சம்பளச் செக்ரோல்ல நாகலெட்சுமின்னு கெடக்குதுங்க ஐயா. அடையாள அட்டையிலயும் அதான். ஆண்டவரு மட்டும் வேற பேருல கூப்பிட்டா நான் எப்பிடித் திரும்பிப் பாப்பேன்?"

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நாகலெட்சுமியாகவே மூழ்கி நாகலெட்சுமியாகவே எழுந்தாள்.

இதை வைத்து அவளை வாயாடி என்று நினைத்துவிடக்கூடாது. கடவுளோடும் கடவுளின் ஆட்களோடும் மட்டும்தான் அவளுக்கு வாய். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கால்கள் தாமாகவே ஓரம் ஒதுங்கும். தோட்டத் துரையின் பங்களா ரோட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தாயின் மகள் அவள். செருப்பைக் கழற்றும் காலம் போய்விட்டது. கழற்ற நினைக்கும் கை போகவில்லை.

கூம்புமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு, அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வரிசை வீடுகளாக ஆறு லயங்கள், ஒரு கோயில், ஒரு கூட்டுறவுக் கடை, மூடிப்போன ஒரு பிள்ளைக்காம்பரா. ஒரு காலத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன அந்தக் கட்டடத்தில்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம். ஆறு குடும்பங்கள் வரும். மூன்று வருடங்களுக்கு முன் தலையில் விறகுக்கட்டோடு மழைக்கு அங்கே ஒதுங்கியவள் நாகலெட்சுமி. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. கட்டை இறக்கி வைத்தாள். மழை விட்ட பிறகும் எழுந்து போகவில்லை. அவ்வளவுதான். நோய் எதுவும் தீரவில்லை, கனவில் யாரும் வரவில்லை.

"அங்க ஒக்காந்தா எம்பேச்சுக்கு யாரோ காது குடுக்குற மாதிரி இருக்கு" என்று புருஷன் பொன்னையாவிடம் சொன்னாள்.

பொன்னையா நெற்றி நிறையத் திருநீறு பூசும் மனிதர். "இருவது வருஷமா நான் காது குடுக்கலயா?"

"நீங்க குடுக்குறது ஒரு காது. இன்னொண்ணு போனுக்கு."

கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலைக்குப் போய் ஆளுக்கொரு நிரை பிரித்து நின்றதும் யாரும் செடியில் கை வைத்துவிடமாட்டார்கள். முதல் நிரைக்காரி "பொலி!" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் "பொலியோ பொலி!" என்று வாங்கிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் கொழுந்து முறியும். கூடை நிறையட்டும், மலை செழிக்கட்டும், வந்தவர்கள் முழுசாக வீடு திரும்பட்டும், எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சொல்லாமல் கை வைத்தால் ஆகாது. வேலைச் சட்டத்தில் இது இல்லை. ஆனால் சட்டத்தை மீறுகிறவர்கள்கூட இதை மீறியதில்லை.

கீழ்ப்பிரிவில் இருபது வருடம் பொலி சொன்னவள் காளியாயி. அவள் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்துப் பொலி சொல்லும். இரண்டாம் நிரை நாகலெட்சுமிக்கு. பக்கத்து நிரைக்காரிகள் என்றால் மலையில் அது ஒரு சொந்தம். வெற்றிலை மாறும், வீட்டுச் சண்டைகள் மாறும், கேலி மாறும்.

"அடியே யேசுகாரி, இனிமே நீ அல்லேலூயான்னு சொல்லித்தான் கொழுந்து எடுப்பியா?"

"ஒங்க மாரியம்மா ஒங்க கூடைய நெறைச்சா சொல்லுங்கக்கா, நான் அந்தப் பக்கமே வந்துர்றேன்."

"ஒன்னய எங்க மாரியம்மா சேத்துக்க மாட்டா. கொழுந்துல பாதி காம்பு."

போன வருடம் பங்குனியில் ஒரு நாள், ஏழாம் நம்பர் மலையில், ரோட்டோரத்து டர்பன்டைன் மரத்தின் உச்சியில் கறுப்பாக ஏதோ தொங்குவதை நாகலெட்சுமி கண்டாள். முறத்தை நிமிர்த்தி ஒட்டிவைத்தது போல இருந்தது. வெயில் பட்டதும் அதன் மேல்தோல் அலையடித்தது. குளவிக்கூடு.

வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு கணக்கப்பிள்ளை ஆண்டியப்பனிடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"இந்த மலை இன்னும் ரெண்டு நாளுல முடிஞ்சிரும்" என்றார் அவர். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு நாகலெட்சுமி. நீ சொன்னா நாளைக்கி ஒருத்தியும் வரமாட்டா. தொர என்னயத்தான் கேப்பாரு."

அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது பொன்னையாவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு பருந்து அந்தக் கூட்டைத் தட்டிவிட்டுப் போனது. குளவி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓடக்கூடாது. இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிக்கு அடியில் புகுந்து, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும். நாகலெட்சுமி புகுந்துகொண்டாள். காளியாயியின் படங்கு முடிச்சு அவிழவில்லை. அவள் ரோட்டை நோக்கி ஓடினாள். ஓடும்போது "நாகூ!" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பொலி சொல்கிற அதே குரல். நாகலெட்சுமி எழவில்லை.

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே காளியாயி போய்விட்டாள்.

காரியம் முடிந்த நான்காம் நாள் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. மலையில் கூடு இருந்தது முன்கூட்டி யாருக்கும் தெரியாது என்று அதில் எழுதியிருந்தது. அன்று வேலையில் இருந்த பத்தொன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பதினெட்டுப் பேருக்கு அது உண்மை. ஆண்டியப்பன் பேனாவை நீட்டியபோது நாகலெட்சுமியின் கண்ணைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை அழகாகப் போட்டாள். பயத்தில் போட்ட கையெழுத்து அவ்வளவு அழகாக வந்ததே என்பதுதான் பிறகு அவளை அதிகம் வதைத்தது.

அதன் பிறகு எல்லாச் சத்தமும் அவளுக்குக் குளவியானது. தூரத்து மோட்டார் சைக்கிள், கொதிக்கும் கேத்தல், பக்கத்துக் காம்பராவின் பழைய டீவி. ஒரு நாள் பிள்ளைக்காம்பராவில் கிட்டாருக்கு மைக் இணைத்தபோது வந்த இரைச்சலில், துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்தன. அவளும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அன்றைக்கு அடுப்பில் கேத்தல் வைக்கவில்லை.

முதல் நிரை, வயசுப்படி, அவளுக்கு வந்தது. இரண்டாம் நிரை காளியாயியின் மகள் வினோதாவுக்கு. கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்தவள், அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைக்க வந்து கூடை எடுத்திருந்தாள். அம்மாவின் நாக்கு அப்படியே அவளிடம் இருந்தது.

"நாகக்கா, ஒங்க சாமி ஒங்களப் பாத்துக்குச்சு. எங்கம்மாவோடது அன்னைக்கி லீவு போல."

நாகலெட்சுமி குனிந்து கொழுந்தை எடுத்துக்கொண்டே போவாள். அந்த "அக்கா" என்ற சொல்தான் அவளுக்கு அதிகம் கொட்டியது.

பொலி சொல்வது சரிதானா என்று பாஸ்டர் ஒரு தடவை கேட்டார். அது மலைச்சாமியைக் கூப்பிடுவதாகாதா என்று அவருக்குச் சந்தேகம். "நெறையட்டும்னு கேக்குறேன் ஐயா. நெறைக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவரிடம் வாய் இருந்தது. பயத்தைப் பற்றி அவர் பேசியபோதுதான் வாய் அடைத்துப்போனது.

"விசுவாசம் இருக்குற எடத்துல பயம் இருக்காதும்மா. நீங்க இன்னும் ஆண்டவர முழுசா நம்பல."

அதை அவள் நம்பினாள். பத்து மாதம் தன் விசுவாசத்தின் ஓட்டையைத் தேடினாள். உபவாசம் இருந்தாள். நின்று நின்று முழங்கால் காய்த்துப்போனது. கேத்தல் கொதித்தால் அப்போதும் உடம்பு குளிர்ந்தது.

ஏழாம் நம்பர் மலை இதற்கிடையில் மூடிக் கிடந்தது. காளியாயி செத்த இரண்டாம் மாதம் அதைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள். செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, குச்சியாக நிறுத்தி, மறுபடி தழைய விடுவது. தை கடைசியில் அது துளிர்த்து நின்றது. திங்கட்கிழமை அந்த மலை திறக்கிறது, எல்லோருக்கும் அங்கேதான் வேலை என்று சனிக்கிழமை காலை பெயர் வாசித்து ஆள் எடுக்கும் பெரட்டில் ஆண்டியப்பன் சொன்னார்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் நாகலெட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. இன்றைக்குத் தனியாகப் போய் அந்த மலையில் நின்றுவிட்டால் நாளைக்கு எல்லோரோடும் போகலாம் என்று கணக்குப் போட்டாள். ஜெபித்துக்கொண்டே ஏறினாள். பயப்படக்கூடாது, பயப்படக்கூடாது என்பதுதான் ஜெபம்.

மலை பச்சைப் பசேலென்று இருந்தது. நல்ல வெயில். அண்ணாந்து பார்த்தாள்.

அதே டர்பன்டைன் மரம். இந்தத் தடவை இரண்டு கூடுகள்.

அவள் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதுதான் உண்மை. அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். அப்போதுதான் மற்றொன்றும் கண்ணில் பட்டது. கவ்வாத்து வெட்டிய செடிகள் தொடை உயரம்கூட வரவில்லை. அடியில் எல்லாம் வெறும் குச்சி. ஒரு கோழிகூட ஒளிய முடியாது. நாளைக்குக் குளவி எழுந்தால் இப்போது வேலைக்கு வரும் பதினெட்டுப் பெண்களுக்கும் புகுந்துகொள்ள ஒரு செடி கிடையாது. இரண்டாம் நிரை சரியாக அந்த மரத்துக்கு அடியில் போகிறது.

கூட்டுறவுக் கடை வாசலில் ஆண்டியப்பனைப் பிடித்தாள். சொன்னாள்.

"இந்த மலை இன்னும் ரெண்டு நாளுல முடிஞ்சிரும்" என்றார் அவர். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு நாகலெட்சுமி."

அதே வார்த்தை. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தான் போன வருடமும் இதையேதான் சொன்னோம் என்பது அந்த மனுஷனுக்கு ஞாபகமே இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவளுக்கோ அந்த வார்த்தை பத்து மாதமாகத் தினமும் சாப்பாட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் அடுப்படியில் முழங்காலில் நின்றாள். யேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்த அந்தத் தோட்டத்தைப் பற்றி முதன்முதலில் கேட்டபோது, அவள் மனதில் வந்தது ஒரு தேயிலைத் தோட்டம்தான். மேடும் பள்ளமுமாக, மூடுபனியோடு, நடுவில் முழங்காலிட்ட ஒருவர். பிறகு அது வேறு மாதிரித் தோட்டம் என்று தெரிந்தும் மனம் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கு அந்த இடம் ஏழாம் நம்பர் மலையாகவே இருந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இது வேண்டாமே என்று கெஞ்சினார். கூட வந்தவர்கள் தூங்கிப்போனார்கள்.

பயந்துதானே இருந்தார் என்று நாகலெட்சுமி நினைத்தாள். பயந்தது தப்பென்றால் அவரும் தப்பு. ஆனால் ஆட்கள் தேடி வந்தபோது அவர் படங்கைப் போர்த்திக்கொண்டு செடிக்கு அடியில் போகவில்லை. நான்தான் என்று முன்னால் வந்து நின்றார்.

"கொளவிக்குப் பயப்பட்டது பாவமில்ல ஆண்டவரே" என்று சத்தமாகவே சொன்னாள். "கணக்கப்புள்ளைக்குப் பயந்து வாய மூடுனேனே, அதுதான். பத்து மாசமா நான் தப்பான பயத்த இல்ல பிடுங்கிக்கிட்டிருந்தேன்."

"யாரோட பேசுற?" என்றார் பொன்னையா, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ரெண்டு காதும் குடுக்குறவரோட."

திங்கட்கிழமை பெரட்டில் சொல்லிவிடுவது என்று போனாள். ஆண்டியப்பன் பெயர் வாசித்தார். "நாகலெட்சுமி" என்றதும் வாயைத் திறந்தாள். "இருக்கேங்க" என்று மட்டுமே வந்தது. இருபத்தாறு வருடம் அந்த இடத்தில் சொல்லிப் பழகிய ஒரே வார்த்தை. வரிசை நகர்ந்தது. கால்கள் அவளையும் கொண்டுபோயின. வழி நெடுக, சொல்லு சொல்லு என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். மலைக்கு வந்துவிட்டார்கள்.

நிரை பிரித்து நின்றார்கள். முதல் நிரையில் அவள். பக்கத்தில் வினோதா, கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு. அவளுக்கு நேர் மேலே மரம். எல்லோரும் பொலிக்காகக் காத்து நின்றார்கள்.

நாகலெட்சுமி வாயைத் திறக்கவில்லை.

வந்தவர்கள் முழுசாக வீடு திரும்பட்டும் என்ற சொல்லை, திரும்பமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது? அது பொய்க் கையெழுத்தைவிடப் பெரிய பொய். பெரட்டில் வராத தைரியம் இங்கே சும்மா நிற்பதாக வந்தது. பேசத்தான் அவளுக்குப் பயம். பேசாமல் இருக்கப் பயமில்லை. அது பழகிய வேலை.

"என்னாக்கா, யேசுகாரிக்குப் பொலி மறந்துபோச்சா?" வினோதா சிரித்தாள்.

"சொல்லு நாகலெட்சுமி, வெயில் ஏறுது" என்றார் ஆண்டியப்பன் ரோட்டில் இருந்து.

அவள் நின்றாள்.

"ஏம்மா, வேற யாராச்சும் சொல்லுங்க!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் நிரைக்காரி உயிரோடு நிற்கும்போது அவள் பொலியை இன்னொருத்தி எடுப்பதா? யாரும் அசையவில்லை. கடைசியில் பொறுமை இழந்த ஆண்டியப்பன், தானே கையை உயர்த்தி, "பொலி!" என்று கத்தினார்.

மலை முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"ஆம்பள பொலி சொல்லி எந்த ஊருல கொழுந்து எடுத்தாங்க?"

"ஐயா, அப்பிடியே கூடையயும் கட்டிக்கிட்டு எறங்குங்க!"

ஆண்டியப்பனின் முகம் கறுத்தது. "ஏய் நாகலெட்சுமி! இன்னைக்கி ஒனக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. என்னா திமிரா?"

"கூடு இருக்கு" என்றாள் அவள்.

அவ்வளவு சின்னக் குரல். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தா, அந்த மரத்துல. ரெண்டு. நேத்துப் பாத்தேன். கணக்கப்புள்ள ஐயாகிட்டயும் சொன்னேன்."

எல்லாத் தலையும் அண்ணாந்தன. கீழே இருந்து பார்க்க இலை மறைத்தது. வினோதா மட்டும் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"கூடாவது ஒண்ணாவது!" ஆண்டியப்பன் சிரிக்கப் பார்த்தார். "கேத்தலு கொதிச்சாலே பெஞ்சுக்கடியில போறவ இவ. போன வருசத்துலருந்து கிறுக்கு. அந்தப் பேச்ச நம்பி நிக்கிறீங்களா?"

கிறுக்கு. அந்தச் சொல் விழுந்ததும் சில பேர் தயங்கினார்கள். கேத்தல் கதை உண்மைதானே. ஒருத்தி கூடையைச் சரிசெய்துகொண்டாள். இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் வினோதா நின்றுகொண்டிருந்தாள்.

நாகலெட்சுமி அவள் பக்கம் திரும்பினாள். ஆண்டவரே, கூட நில்லுங்க என்றாள் உள்ளுக்குள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

"போன வருஷமும் நான்தான் பாத்தேன்" என்றாள். "முத நாளே பாத்தேன். இவருகிட்ட சொன்னேன். வாய வச்சிக்கிட்டு சும்மா இருன்னாரு. இருந்தேன். மறுநாளு காளியாயி அக்கா போயிருச்சு. யாருக்கும் தெரியாதுன்னு எழுதுன பேப்பருல கையெழுத்தும் போட்டேன். எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்."

வினோதா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். நிரையைத் தாண்டி வந்து எதிரில் நின்றாள்.

"எங்கம்மா ஒங்களக் கூப்பிட்டுச்சா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு. நான் எந்திரிக்கல."

வினோதாவின் கை உயர்ந்தது. நாகலெட்சுமி முகத்தைத் திருப்பவில்லை. கை அந்தரத்திலேயே நின்று, மெதுவாக இறங்கி, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தது. மரத்தை நோக்கிப் பிடித்து, விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு கூடுகளும் திரையில் தெரிந்தன. போனைப் பக்கத்து நிரைக்குக் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் போனது. போன இடமெல்லாம் பெண்கள் ஓசைப்படாமல் கூடைகளைக் கழற்றி, பின்னாலேயே நடந்து ரோட்டுக்கு ஏறினார்கள்.

வினோதா ஆண்டியப்பனிடம் வந்தாள். "அவங்களப் பத்தி நான் பொறவு பேசிக்கிறேன். ஒங்களப் பத்தி இப்பவே பேசணும்."

தகவல் கேட்டு, உதவி மேனேஜரான சின்னத்துரை வந்தபோது பதினெட்டுப் பெண்களும் மரத்திலிருந்து தூரமாக, ரோட்டு வளைவில் உட்கார்ந்திருந்தார்கள். இளவயது, முட்டிவரை பூட்ஸ். "மொக்கத மே?" என்று சிங்களத்தில், இது என்ன என்று, ஆண்டியப்பனைத்தான் கேட்டார். துரைக்கும் பெண்களுக்கும் நடுவில் பேச்சு எப்போதும் ஆண்டியப்பன் வழியாகத்தான் போய் வரும். அவர் வாயைத் திறப்பதற்குள் நாகலெட்சுமி எழுந்துவிட்டாள். அவளிடம் இருந்தது சந்தையில் கரட்டுக்குப் பேரம் பேசிய சிங்களம்.

"தெபரு இன்னவா மாத்தயா. அப்பி யன்னே நே."

குளவி இருக்கிறது ஐயா, நாங்கள் போகமாட்டோம். முழுசாக ஏழு சொல்கூடத் தேறாத அந்தப் பேச்சைச் சொல்லி முடித்தபோது, மலையேறி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள்.

சின்னத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தமிழில், "கொழுந்து முத்திப் போகும், தெரியும்தானே?" என்றார்.

"முத்தட்டுங்க தொர. கொழுந்து திரும்ப வரும். காளியாயி அக்கா வரல."

பின்னால் யாரோ ஒருத்தி "பொலி" என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் ஒரு கொழுந்தும் முறியவில்லை. நாகலெட்சுமியை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வேலை செய்ய மறுத்ததற்கும் மற்றவர்களைத் தடுத்ததற்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். வினோதாவின் தம்பியுடைய கொப்பியில் கிழித்தது. போன வருடம் காளியாயி சாவதற்கு முந்தின நாள் பார்த்ததும் சொன்னதும் வாயை மூடியதும், தேதியோடு, அவள் கையெழுத்தில்.

"பழைய பேப்பருல என் கையெழுத்து பொய்யாக் கெடக்கு. இதையும் அதோட வைங்க" என்றாள். அதன் இன்னொரு பிரதியை வினோதா அட்டனிலுள்ள தொழில் கந்தோருக்கு, அதாவது தொழிலாளர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. ஆண்டியப்பன் இன்னும் கணக்கப்பிள்ளைதான். ஆனால் மலைக்கு இறங்குமுன் இரண்டு பெண்கள் போய் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அவரும் ரோட்டில் காத்து நிற்கிறார்.

எச்சரிக்கைக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நாகலெட்சுமி அதைச் சுவரில், யேசு படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"இத எதுக்கு ஒட்டுற?" என்றார் பொன்னையா.

"எனக்கு வந்த மொத காயிதம். அவரும் வாசிக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப பயம் விட்டுப்போச்சா அம்மா?"

"இல்லீங்க ஐயா. அது கெடக்கு. அது சொல்றத நான் கேக்குறதில்ல, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆண்டவரு அத எடுத்துருவாருன்னுதான் நானும் நெனச்சேன். அவரு எடுக்கல. பக்கத்துல வந்து நின்னாரு" என்றாள்.

பாஸ்டர் கையிலிருந்த குறிப்பை மடித்தார். பாட்டுக்குப் போய்விட்டார்.

கூடுகளை எடுக்க ஆட்கள் வந்தது மூன்றாம் நாள். அதற்கடுத்த வாரம் ஏழாம் நம்பர் மலை திறந்தது. இரண்டு பெண்கள் போய் மரங்களைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையசைத்தார்கள். நிரை பிரித்து நின்றார்கள். கொழுந்து கொஞ்சம் முத்தித்தான் இருந்தது.

அந்த மரத்தடியைப் பார்த்ததும் நாகலெட்சுமி தன் படங்கு முடிச்சு அவிழுமா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் வினோதா ஒரு வாரமாக அவளோடு பேசவில்லை. வெற்றிலை மாறவில்லை. குளித்துறையில் வாளியை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். அது நியாயம் என்று நாகலெட்சுமிக்குத் தெரியும். அதற்காக அவள் ஜெபிக்கவும் இல்லை. கேட்டு வாங்கக்கூடியது இல்லை அது.

மலை காத்து நின்றது.

"பொலி சொல்லுங்க" என்றாள் வினோதா, தேயிலையைப் பார்த்துக்கொண்டே. அக்கா என்று சேர்க்கவில்லை.

நாகலெட்சுமி தலையை நிமிர்த்தினாள். காளியாயியின் குரல் அவளுக்குக் கிடையாது. இருந்த குரலை முழுவதும் எடுத்தாள்.

"பொலி!"

"பொலியோ பொலி!" என்று மலை திருப்பிச் சொன்னது. எல்லாக் குரலுக்கும் மேலே, ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது. இரண்டாம் நிரையிலிருந்து.

நாகலெட்சுமி முதல் கொழுந்தை முறித்தாள்.